கிசுகிசுச் சொற்களுக்கு ஸ்பானிய அகாடமியின் இணைய அகராதி எப்படி?

வதந்தி, கிசுகிசு, புறணி என்று வந்துவிட்டால் ஸ்பானிய மொழியில் நாட்டுக்கு நாடு சொல் மாறும். ஸ்பெயினின் மொழிக் கழகமான ரேயால் அகாடமியா எஸ்பன்யோலா, ஸ்பானிய மொழி பேசும் மற்ற நாடுகளின் அகாடமிகளோடு சேர்ந்து தரும் இணைய அகராதி இதற்கு முக்கால்வாசி போதும். கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம். விளக்கமெல்லாம் ஸ்பானியத்திலேயே இருப்பதால், ஓரளவு படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இது பயன்படும்.

'சிஸ்மே' என்று தேடிப் பாருங்கள். முதல் பொருள்: மெய்யோ பொய்யோ, இருவருக்குள் மூட்டிவிடவோ ஒருவரைப் புறம் பேசவோ சொல்லும் சேதி. அடுத்த பொருள்: சில்லறைச் சாமான். மாட்ரிட்டில் ஒருவர் 'பாஸமே எஸே சிஸ்மே' என்றால் கிசுகிசு கேட்கவில்லை, பக்கத்தில் கிடக்கும் அந்தச் சாமானை எடுத்துத் தரச் சொல்கிறார்.

'ரூமோர்', 'புலோ' இரண்டையும் அகராதி நன்றாகவே பிரிக்கிறது. முன்னது ஊர் வாயில் உலவும் பேச்சு. பின்னது ஏதோ ஒரு நோக்கத்தோடு பரப்பும் பொய்ச் செய்தி. ஊர்ஜிதமாகாத சேதியைப் புலோ என்று எழுதினால், அது பொய்யென்று நீங்களே தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

பொருளைவிட முக்கியம், அதற்கு முன்னால் சுருக்கெழுத்தில் வரும் நாட்டுக் குறி. பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிசுகிசுவுக்கு ஸ்பெயினில் 'கோத்தியேயோ', அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் 'சிமென்தோ', சிலியில் 'கோபுச்சா'. 'போசின்சே' போர்ட்டோ ரிக்கோவில் கிசுகிசு. வேறு சில இடங்களில் கூச்சல் குழப்பம். இப்படிப்பட்ட சொற்களுக்கு, 2010இல் வெளிவந்து இணையத்திலும் கிடைக்கும் அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியச் சொல் அகராதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் நிச்சயமாகும்.

2023இல் முதலில் சொன்ன அகராதியில் ஒத்த சொற்களையும் எதிர்ச்சொற்களையும் சேர்த்தார்கள். நல்ல வசதிதான். ஆனால் காரமான சொல்லும் மென்மையான சொல்லும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றையும் திறந்து, அது பேச்சு வழக்கா, இழிவாகச் சொல்வதா என்ற குறியைப் பார்த்த பிறகே எடுத்தாளுங்கள்.

ஒலிப்பதிவு கிடையாது, அது பெரிய குறை. சிஸ்மேயில் 'ம'வுக்கு முன் வரும் 'ஸ்' ஆங்கில இசட் மாதிரி அதிர்ந்து ஒலிக்கும். பக்கத்தைப் பார்த்து இது தெரியவராது.

வாக்கிய அமைப்பிலும் உதவி குறைவு. 'செ ரூமோரேயா கே' என்றால் 'என்று பேசிக்கொள்கிறார்கள்'. சேதி நிச்சயமில்லை என்பதால் அடுத்து ஐய வினை, அதாவது சந்தேகம், விருப்பம் போன்றவற்றைக் காட்டும் வினை வடிவம், வரும் என்று கற்பவர்கள் நினைக்கிறார்கள். வருவது சாதாரண வினைதான். ஆலையை மூடப்போவதாகப் பேச்சு என்றால் 'செ ரூமோரேயா கே வான் அ செரார் லா ஃபாப்ரிகா'. 'வான்' இடத்தில் ஐய வினையான 'வாயான்' என்று போடக்கூடாது. செய்தித்தாள்களில் 'எல் மினிஸ்த்ரோ அப்ரியா திமிதிதோ' என்று வந்தால், அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டதாகத் தகவல், இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். இந்த வினை வடிவத்துக்கு அகராதியை விட்டு அகாடமியின் இலக்கண நூலைத்தான் புரட்ட வேண்டும்.