உற்பத்தி நின்றுபோன மூன்று மெட்டல் டிடெக்டர்கள்: சென்னை மணலில் எது தாக்குப்பிடிக்கும்?

பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, அது எவ்வளவு ஆழம் பார்க்கும் என்பதுதான். சென்னையில் அது இரண்டாம் கேள்வி. கடலோரத்து உப்பு ஈரம், மணலில் வரிவரியாகப் படிந்திருக்கும் கருமணல், மெரினா போன்ற இடங்களில் மக்கள் விட்டுச்சென்ற உலோகக் குப்பை ஆகிய மூன்றுக்கும் நடுவில் அந்தக் கருவியால் நிதானமாக வேலை செய்ய முடியுமா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அந்த அளவுகோலை வைத்து, இன்று பழைய பொருளாக மட்டுமே வாங்கக்கூடிய மூன்று கருவிகளை இங்கே அருகருகே நிறுத்துகிறேன். அவை கேரெட் ஏஸ் 250, வைட்ஸ் எம்எக்ஸ்டி, மைன்லேப் சாவரின் ஜிடி.

மூன்றும் மூன்று விதமான சிந்தனையில் பிறந்தவை. ஏஸ் 250 தொடக்கநிலையினருக்காகச் செய்யப்பட்டது, 6.5 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண், நான்கு பென்சில் செல்கள், தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தப்பட்டு நம்மால் மாற்ற முடியாத கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணே எழுப்பும் சமிக்ஞையைக் கழிக்கும் அமைப்பு). எம்எக்ஸ்டியும் ஒற்றை அதிர்வெண் கருவிதான் என்றாலும் அது ஏறக்குறைய 14 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. எட்டு பென்சில் செல்கள் கேட்கும். மண்ணின் தன்மையைத் தானே தொடர்ந்து கணித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அதைத் தயாரித்த வைட்ஸ் நிறுவனம் 2020இல் கடையைக் கட்டிவிட்டது என்பதால், பழுதானால் அனுப்பிவைக்கத் தொழிற்சாலை இல்லை. சாவரின் வரிசை 1991இல் தொடங்கியது. அதன் கடைசிப் பதிப்பான ஜிடி, 1.5 முதல் 25.5 கிலோஹெர்ட்ஸ் வரை 17 அதிர்வெண்களைப் பயன்படுத்துவதாகத் தயாரிப்பாளர்கள் விளம்பரப்படுத்திய அதே தொழில்நுட்பத்தில் இயங்குவது. திரை கிடையாது, குமிழ்களும் சுவிட்சுகளும் காதில் கேட்கும் ஓசையும் மட்டுமே.

உலர்ந்த மணலில் மூன்றுமே ஏறத்தாழ ஒழுங்காக நடந்துகொள்ளும். அலை வந்து நனைத்துவிட்டுத் திரும்பும் ஈர மணலில்தான் சாயம் வெளுக்கும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால், காயிலுக்கு (தரையின் மேல் வீசும் தேடுசுருளுக்கு) அடியில் மெல்லிய தகடு ஒன்றை விரித்துவைத்தாற்போல அது ஒரு சமிக்ஞை தருகிறது. கருமணலின் கதை வேறு. அதிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் மின்சாரத்தால் அல்ல, காந்தத் தன்மையால் கருவியைக் குழப்புகிறது. ஒற்றை அதிர்வெண் கருவியின் கிரவுண்ட் பேலன்ஸை இவற்றில் ஏதாவது ஒன்றுக்குத்தான் பொருத்த முடியும்: கருமணலுக்குப் பொருத்தினால் உப்பு கத்தும், உப்புக்குப் பொருத்தினால் கருமணல் கத்தும். பல அதிர்வெண்களில் கிடைக்கும் விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் கருவியால் இரண்டையும் சேர்த்தே கழித்துவிட முடிகிறது. இந்த ஒரே காரணத்தால், நீலாங்கரையிலோ கோவளத்திலோ நீர் விளிம்பை ஒட்டி நடப்பவருக்கு, எத்தனை பழையதானாலும் சாவரின்தான் முதல் தேர்வு என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அதற்காக மற்ற இரண்டும் ஈர மணலில் உதவவே உதவாது என்று சொல்லிவிட முடியாது. எம்எக்ஸ்டியில் மண்ணைத் தொடர்தல், பூட்டுதல், உப்பு என்ற மூன்று நிலைகள் கொண்ட சுவிட்ச் ஒன்று உண்டு. அதை உப்பு நிலைக்குத் தள்ளி, காயிலை மணலின் மேல் சில முறை ஏற்றி இறக்கி, ஓசை சமனான பிறகு உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழைக் குறைத்தால் கருவி அடங்கிவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. உப்பின் சமிக்ஞையும் மெல்லிய தங்கத்தின் சமிக்ஞையும் கட்ட அளவில் (அனுப்பிய அலைக்கும் திரும்பும் அலைக்கும் உள்ள கால விலகலில்) அருகருகே விழுவதால், உப்பைக் கழிக்கும்போது மூக்குத்தியும் மெல்லிய சங்கிலியும் சேர்ந்தே கழிந்துபோகும். தடித்த மோதிரம் மட்டும் தப்பும். ஏஸ் 250இல் இந்த வசதியும் இல்லை. அதன் உணர்திறனைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிக்கொண்டு, காயிலின் உயரம் மாறாமல், கடலை நோக்கிப் போய்த் திரும்புவதற்குப் பதிலாகக் கரைக்கு இணையாக நடப்பதுதான் ஒரே வழி. அப்படி நடந்தால் காயிலுக்குக் கீழே உள்ள ஈரத்தின் அளவு அதிகம் மாறாது. பொய்ச் சத்தமும் குறையும். இந்த உத்தி மூன்றுக்குமே பொருந்தும் என்றாலும், ஏஸ் வைத்திருப்பவருக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை.

இனி உலர் மணல். மெரினாவில் அலையிலிருந்து தள்ளி, கடைகள் நிறைந்த பகுதியில், கருவிக்குச் சோதனை ஆழத்தில் இல்லை, அடர்த்தியில் இருக்கிறது. சோடா மூடி, ஹேர்பின், ஊக்கு, மாத்திரை அட்டையின் அலுமினியத் தகடு, பலூன் சுடும் கடைகளைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் ஏர்கன் ஈயக் குண்டுகள் என்று ஒரு சதுர அடிக்குள் பல சத்தங்கள் கேட்கும். ஈயக் குண்டு இவற்றில் மிகவும் வஞ்சகமானது. சிறிய தங்கத் தோடு திரையில் உலோகத்தின் வகையைக் குறிக்கும் எந்த எண்ணைக் காட்டுமோ அதை ஒட்டிய எண்ணையே இதுவும் காட்டுவதால், தோடு தேடுபவர் குண்டுகளையும் தோண்டித்தான் ஆக வேண்டும். இந்தக் குப்பைக்கு நடுவே சாவரின் பின்தங்குகிறது. இரும்பைத் தாண்டியதும் அதன் பின்னணி ஓசை சற்று நேரம் மௌனமாகி, பிறகு மெதுவாகத்தான் மீளும். அந்த மௌனத்துக்குள் மோதிரம் கடந்துபோனால் அது கேட்கவே கேட்காது. காயிலை மிக மெதுவாக வீச வேண்டும், அப்போதும் முழு நம்பிக்கை வராது. எம்எக்ஸ்டி சுறுசுறுப்பாக மீள்கிறது. அதில் 9.5 அங்குல காயிலைக் கழற்றிவிட்டு 5.3 அங்குல எக்லிப்ஸ் காயிலை மாட்டினால், ஆழம் குறையும், ஆனால் இரண்டு மூடிகளுக்கு இடையில் கிடக்கும் மெட்டியைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியும். எம்எக்ஸ்டி வைத்திருப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு இந்தச் சிறிய காயில்தான்; பெரிய காயிலைத் தேடி அலைவது சென்னைக்கு வீண்.

திரையில் காட்டும் படங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏஸ் 250இன் திரையில் அச்சிடப்பட்டிருக்கும் நாணயக் குறிகள் அமெரிக்க நாணயங்களுக்கானவை. நம் ஊர் ஒரு ரூபாய் 1992 முதல் ஃபெரிடிக் துருப்பிடிக்காத எஃகில் வருகிறது. அது காந்தத்தில் ஒட்டும் எஃகு. ஆகவே கருவி அதை ஒரு வீச்சில் இரும்பாகவும், மறு வீச்சில் நல்ல உலோகமாகவும் காட்டித் துள்ளும். நாணய நிலையில் வைத்து ரூபாய்க் காசு தேடுபவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். நகை தேடுபவருக்கோ இது ஒரு வகையில் வசதி: இரும்பை மட்டும் விலக்கிவிட்டால் சில்லறையில் பெரும்பகுதி தானே ஒதுங்கிவிடும். இரும்புக்கு மேல் வேறு எதையும் விலக்கக் கூடாது. அலுமினியத் தகட்டை விலக்கினால், அதே எண்ணில் விழும் மெல்லிய தங்கமும் போய்விடும் என்பதால், மூன்று கருவிகளிலும் டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தை விலக்கும் அமைப்பை) குறைந்த அளவில் வைத்துக் காதை நம்புவதே என் பரிந்துரை.

தொலைந்தது என்ன நகை என்பதைப் பொறுத்தும் தேர்வு மாறும். மோதிரம் மூடிய வளையம் என்பதால் மூன்றுமே அதை நன்றாகப் பிடிக்கும். கொலுசும் மெட்டியும் வெள்ளி; உயர்ந்த, தெளிவான ஓசை தரும். சிக்கல் சங்கிலியில்தான் இருக்கிறது. ஐந்து சவரன் சங்கிலியானாலும் கருவி அதை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிச் சிறு வளையமாகவே பார்க்கிறது, அதனால் பல நேரம் கேட்பது கொக்கியின் ஓசை மட்டுமே. இங்கே உயர்ந்த அதிர்வெண்ணுக்கே சாதகம். உலர் மணலில் மெல்லிய சங்கிலி தேடுவதற்கு நான் எம்எக்ஸ்டியைத்தான் எடுப்பேன். சாவரின் அந்த வேலையில் மந்தம்.

கடற்கரைக்கு வெளியே ஒரு பயன் உண்டு. பழைய வீடுகளை இடித்தெடுத்த பர்மா தேக்கை இழைப்புளி இயந்திரத்தில் கொடுப்பதற்கு முன், உள்ளே முறிந்து கிடக்கும் ஆணிகளைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரே ஆணி பிளேடைக் கெடுத்துவிடும். மரத்துக்கு உப்பும் இல்லை, கருமணலும் இல்லை என்பதால் ஏஸ் 250இன் மாற்ற முடியாத கிரவுண்ட் பேலன்ஸ் இங்கே ஒரு குறையே அல்ல. எல்லா உலோகமும் கேட்கும் நிலையில் வைத்து, ஓசை வந்த இடத்தில் பின்பாயின்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு பலகையை நெடுக்கிலும் குறுக்கிலும் தடவினால், ஆணி இருக்கும் இடத்தைச் சாக்கட்டியால் குறிக்கலாம். ஏஸ் சும்மா கிடைத்தால் அதைத் தச்சுப் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம் என்று நான் சொல்வது கேலி அல்ல.

எந்தக் கருவியானாலும், அதன் முழுத்திறனும் வெளிவர மின்சுற்றைவிடப் பேட்டரிப் பெட்டியையே முதலில் பார்க்க வேண்டும். அல்கலைன் செல்களை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் மூடிவைத்த கருவியைத் திறந்தால், ஸ்பிரிங்கின் மேல் வெள்ளையும் பச்சையும் கலந்த பொருக்கு படிந்திருக்கும். பஞ்சுக்குச்சியை வினிகரில் தோய்த்து அதன் மேல் வைத்தால் சிறு குமிழிகளுடன் நுரைத்துக் கரையும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, உலோகம் மின்னும்வரை லேசாகத் தேய்த்தால் போதும். செல்களில் அல்கலைனா, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடா என்றால், நான் இரண்டாவதையே சொல்வேன். எட்டு அல்கலைன் செல்கள் 12 வோல்ட் தரும். எட்டு ஹைட்ரைடு செல்கள் 9.6 வோல்ட்தான் தரும். ஆனாலும் எம்எக்ஸ்டிக்கு நிறுவனமே ஹைட்ரைடு பேக் விற்றது. பேட்டரி அளவு சற்று முன்பாகவே குறைவாகக் காட்டும், தேடும் திறன் குறையாது. சாவரினின் பழைய ரீசார்ஜ் பேக் பெரும்பாலும் உயிரை விட்டிருக்கும். அதைச் சரிசெய்யும் பாட்டைவிடச் செல்கள் போடும் ஹோல்டரைத் தேடுவது எளிது.

அடுத்தது கேபிள். கருவியை இயக்கி, காயிலை அசையாமல் மரப்பலகை மேல் வைத்து, கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தை விரலால் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், “சார், போர்டு நல்லா இருக்கு, ஒயர் பிளக் பக்கத்துலதான் போயிருக்கு, பத்து நிமிஷம் உட்காருங்க” என்று சொன்னால் கவலையில்லை. அது ஈயம் வைத்துச் சரியாகிவிடும். அறுந்தது காயிலுக்குள் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். அனுப்பும் சுருளும் வாங்கும் சுருளும் ஒன்றையொன்று பாதிக்காதபடி நுணுக்கமாக நிறுத்தப்பட்டு எபாக்சியில் உறைந்திருப்பதால், அதை உடைத்து ஒட்டினால் பழைய சமநிலை திரும்பாது. கரகரப்பு குமிழைத் திருப்பும்போது மட்டும் வருகிறதென்றால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். கடற்கரையிலிருந்து வந்ததும் காயிலின் அடி உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அதற்குள் சிக்கிய கருமணல் கருவியோடு கூடவே நடந்து, இல்லாத பொருளுக்குச் சத்தம் எழுப்பும். சாவரினில் காயில் மட்டுமே தண்ணீர் தாங்கும், கட்டுப்பாட்டுப் பெட்டி தாங்காது. இடுப்பளவு நீரில் இறங்குவது நோக்கமென்றால் அதே தொழில்நுட்பத்தில் வந்த எக்ஸ்காலிபர்தான் வேண்டும்.

தொடர் அலைக்குப் பதிலாக விட்டுவிட்டுத் துடிப்புகளை அனுப்பும் பல்ஸ் வகைக் கருவிகளான வைட்ஸ் சர்ஃப் பிஐ போன்றவை உப்பையும் கருமணலையும் பெரிதாகப் பொருட்படுத்தாதவை. ஆனால் அவற்றுக்கு இரும்பும் தங்கமும் ஒன்று. ஆளில்லாத கடற்கரைக்குச் சரி. மெரினாவில் ஹேர்பின் பொறுக்கும் வேலையாகிவிடும்.

புதிது வாங்கலாமா என்றால், பெயர் தெரியாத மலிவுக் கருவிகள் மீட்டர் கணக்கில் ஆழம் சொல்லி விற்கப்படுகின்றன. அவற்றைவிட நல்ல நிலையில் உள்ள எம்எக்ஸ்டி எவ்வளவோ மேல். மறுபுறம், 2018இல் வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸும் அடுத்த ஆண்டு வந்த வேன்குவிஷும் பல அதிர்வெண் வசதியை எடை குறைந்த உடலில் கொண்டுவந்துவிட்டன. ஈக்வினாக்ஸ் குப்பையிலும் வேகமாக மீள்கிறது, மூன்று மீட்டர் நீரையும் தாங்குகிறது. ஈர மணலே உங்கள் களம், கையில் இருப்பது ஏஸ் என்றால், பழையதற்குச் செலவு செய்யாமல் இந்தப் பக்கம் நகர்வது நல்லது. சாவரின் வைத்திருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை.

தோண்டும் இடம் பற்றி இரண்டு சொல். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மாமல்லபுரம் போன்ற பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியை எடுக்கவே கூடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் நம் கரையில் முட்டையிடுவதால், அந்த மாதங்களில் அலைக்கோட்டுக்கு மேலே உள்ள மணலில் மண்வெட்டி போடாமல் இருப்பதே முறை.

வாங்கும் முன் விற்பவரிடம் செய்து பார்க்க வேண்டிய சோதனை எளிது. சுவர்க் கம்பிகளும் ட்யூப் லைட்டும் இல்லாத திறந்த வெளியில், புதிய செல்களைப் போட்டு, காயிலுக்கு முன் உங்கள் மோதிரத்தையும், ஒரு ரூபாய் நாணயத்தையும், மெல்லிய சங்கிலியையும் ஒன்றன்பின் ஒன்றாக வீசிக் காட்டச் சொல்லுங்கள். மோதிரம் ஒரே ஓசையில் இரு பக்கமும் கேட்க வேண்டும். நாணயம் துள்ளினால் அது கருவியின் குறையல்ல. சங்கிலி கேட்கவில்லை என்பதற்காக எம்எக்ஸ்டியை மட்டும் ஒதுக்குங்கள். சாவரின் என்றால் அதற்கு மட்டும் சலுகை கொடுக்கலாம்.