கல்யாண சிடிகளைக் காப்பாற்ற எந்த டிரைவ் வாங்கலாம்?

குளச்சல் பக்கம் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். கல்யாண சிடி, புதுநன்மை டிவிடி, வளைகுடாவில் இருந்த சித்தப்பா பார்ப்பதற்காக எடுத்த பால்காய்ச்சு வீடியோ எல்லாம் அதில்தான். இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் டிஸ்க் போடும் டிரைவே இல்லை. அதனால் "ஒரு டிரைவ் வாங்கணும், எது நல்லது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள்.

கைக்கு எட்டுவது மூன்று வகை: பழைய டெஸ்க்டாப்புக்குள் இருக்கும் பெரிய டிவிடி ரைட்டர், யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி ரைட்டர், புளூ-ரே ரைட்டர். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர் வேண்டும், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405. புளூ-ரே டிரைவில் பொதுவாக மூன்று லேசரும் இருப்பதால் பழையதையும் படித்துவிடும். டிவிடி டிரைவில் புளூ-ரே டிஸ்க்கைப் போட்டால் ஒன்றும் நடக்காது.

பீரோவில் கிடப்பதை மீட்பது மட்டும்தான் வேலை என்றால் புளூ-ரே வேண்டாம் என்பேன். நம் ஊர்க் கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் விசிடி (வீடியோ பதிந்த சிடி), அதற்கப்புறம் டிவிடி. இரண்டுக்கும் டிவிடி ரைட்டரே போதும். புளூ-ரே ரைட்டரின் விலையோ பல மடங்கு.

வீட்டில் ஓடுகிற பழைய டெஸ்க்டாப் இருந்தால் முதலில் அதையே பாருங்கள். அதன் மோட்டாருக்கு 12 வோல்ட் தனியாக வருகிறது, ட்ரே உறுதியானது, செலவும் இல்லை. மெல்லிய யுஎஸ்பி டிரைவ் போர்ட்டில் வரும் 5 வோல்ட்டை மட்டும் நம்பி ஓடுவது. மின்சாரம் போதாவிட்டால் டிஸ்க் சுற்றத் தொடங்கி, 'டொக்' என்று நின்று, மறுபடி சுற்றும். டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் யுஎஸ்பி ஹப் இருந்தால் கழற்றிவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள். இரட்டைத் தலை கேபிள் இருந்தால் இரண்டையும் செருகுங்கள். டிஸ்க்கை வாய்வழி உள்ளே இழுத்துக்கொள்ளும் மாடலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஹேண்டிகேமில் எடுத்த 8 செ.மீ. மினி டிவிடியை அதில் போடக் கூடாது. ட்ரே உள்ளதில் நடுக் குமிழில் அழுத்தி வைத்தால் படிக்கும். படிக்கவில்லை என்றால் அந்த கேமராவிலேயே ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற டிரைவும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காமல், விட்டிருக்கலாம்.

சரி, டிஸ்க்குகளுக்கு வருவோம். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. கடலோரத்தில் உப்புக் காற்று வேறு. இதில் முதலில் அடிபடுவது சிடிதான். பளபளப்பான பக்கத்தில் கீறல் விழாமல் எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் சிடியில் தகவல் இருக்கும் அடுக்கு பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய லாக்கர் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. அக்கா கல்யாணத்தின் மூன்று சிடிகளில் இரண்டாவதில் ஸ்டுடியோ ஒட்டிய வட்ட ஸ்டிக்கர் ஈரத்தில் ஓரம் கிளம்பியிருந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று உரித்தேன். வெள்ளிப் பூச்சும் ஸ்டிக்கரோடு வந்துவிட்டது. டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. எந்த டிரைவாலும் அந்த இடத்தைப் படிக்க முடியாது. கிளம்பியிருக்கும் ஸ்டிக்கரைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

டிவிடி இந்த விஷயத்தில் கெட்டி. 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டி, நடுவில் தகவலை வைத்திருக்கிறார்கள். எழுதும் டிவிடியில் டிவிடி-ஆர் நல்லதா, டிவிடி+ஆர் நல்லதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய ரைட்டர்கள் இரண்டையும் எழுதும்.

புதிதாக எழுதி வைப்பதென்றால் மட்டும் புளூ-ரேக்கு மதிப்பு உண்டு. டிவிடியில் 4.7 ஜிபி, ஒற்றை அடுக்கு புளூ-ரேயில் 25 ஜிபி. இன்றைய ஹெச்டி கல்யாணம் 50 ஜிபி என்றால் 11 டிவிடி அல்லது இரட்டை அடுக்கு புளூ-ரே ஒன்று. வாங்கும்போது அட்டையில் எல்டிஹெச் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் சிடி-ஆர் போலவே சாயப் பூச்சு. மற்ற பிடி-ஆர்களில் (எழுதும் புளூ-ரே டிஸ்க்குகளில்) பொதுவாக உலோகக் கலவை அடுக்கு. ஆனால் பானாசோனிக் 2023-லும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டன. அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு என் வாக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்குக்குத்தான். ஒன்று வீட்டில், மற்றது வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில்.

மீட்கும்போது டிஸ்க்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். விசிடியில் எம்பெக்ஏவி (MPEGAV) என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் .DAT கோப்பை விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் போட்டால் ஓடும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கலாம் என்பதால், இரண்டு மூன்று டிரைவில் போட்டுப் பார்க்காமல் எந்த சிடியையும் குப்பையில் போடாதீர்கள். அக்காவின் மூன்றாவது சிடியை யுஎஸ்பி டிரைவ் கைவிட்டுவிட்டது. தக்கலையில் நண்பர் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் முக்கால் மணி நேரத்தில் முழுசாக வந்துவிட்டது.