அலைப் பாடத்துக்குக் கயிறா, ஸ்லிங்கியா?

எட்டாம் வகுப்பில் 'அலை' என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் மனசு கடற்கரைக்குப் போய்விடும். திரும்ப இழுத்துவர என்னிடம் இரண்டு சாமான்கள் உண்டு: துணி காயப்போடும் கயிறு, ஸ்லிங்கி என்ற சுருள் கம்பி பொம்மை.

கயிற்றுக்குச் செலவே இல்லை. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மேலும் கீழும் உதறினால் ஒரு மேடு ஓடும். நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டிவிடுங்கள். மேடு கடந்து போகும், ரிப்பன் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். அலை சுமந்து போவது ஆற்றலை, கயிற்றை அல்ல என்பது அப்போதுதான் உறைக்கும். ஒளியும் இதுபோல் குறுக்கலைதான், அதாவது ஓடும் திசைக்குக் குறுக்கே அசைவது. நாற்காலி முதுகின் செங்குத்துச் சட்டங்களுக்கு நடுவே கயிற்றை விட்டால், மேல்கீழ் அலை தாண்டிவிடும், பக்கவாட்டு அலை அங்கேயே மாட்டிக்கொள்ளும். முனைவாக்கத்தை, அதாவது ஒரே திசையில் அசையும் அலையை மட்டும் வடிகட்டி விடுவதை, இதைவிட மலிவாகக் காட்ட முடியாது.

ஆனால் ஒலி நெட்டலை, ஓடும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைவது. கயிற்றைத் தள்ளினால் தொய்ந்துதான் போகும். ஸ்லிங்கியைத் தரையில் நீட்டி முனையை ஒரு தள்ளு தள்ளினால் நெருக்கமும் நெகிழ்வும் ஓடுவது கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் அசைத்தால் குறுக்கலையும் வரும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குவேன், அதுவும் உலோகத்தில். பிளாஸ்டிக் ஸ்லிங்கியால் ஒருமுறை பாதி பீரியட் சிக்கெடுப்பதிலேயே போனது.

சரி, ஒளிக்கு ஊடகமே, அதாவது கயிறு, காற்று போல அலை ஓட ஒரு பொருளே, வேண்டாம், வெற்றிடத்தில் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அங்கே இரண்டுமே கைவிட்டுவிடும், வாயால்தான் சொல்ல வேண்டும்.