பின்லாந்து கலர் கிளாஸ் வாங்கறவங்க கவனத்துக்கு: அடியில கீறியிருக்கற பேரை நம்பாதீங்க

ஹெல்சின்கி, எஸ்போ பக்கம் இருந்துகிட்டு பழைய பின்லாந்து கலர் கிளாஸ் சேர்க்கறவங்க, புதுசா ஆரம்பிக்கலாம்னு இருக்கறவங்க எல்லாரும் இதைக் கொஞ்சம் படிங்க. ஆன்லைன்ல ஒருத்தர் வேஸோட, அதாவது பூ ஜாடியோட, அடியில டிசைனர் பேரை தானே கீறி விக்கறார். என்கிட்ட 240 யூரோ வாங்கிட்டார், கேள்வி கேட்டதும் பிளாக் பண்ணிட்டார். ஆள் பேரை இங்க போடல, ஆனா என்ன பண்றார்னு ஒண்ணு விடாம சொல்றேன், ஏன்னா இந்த வேலையைப் பண்றவர் அவர் ஒருத்தர் மட்டும்தான்னு எனக்குத் தோணல.

விளம்பரத்துல போட்டிருந்தது இதுதான்: சிவப்பு வேஸ், ரீஹிமாக்கி தொழிற்சாலை, 1960கள், டிசைன் நானி ஸ்டில், அடியில கையெழுத்து இருக்கு, கீறல் உடைசல் எதுவும் இல்ல. போட்டோ எல்லாம் ஜன்னல் வெளிச்சத்துல அட்டகாசமா எடுத்திருந்தார். கையெழுத்தை மட்டும் க்ளோசப்ல தனியா ஒரு போட்டோ. நேர்ல வந்து பாக்கறேன்னு கேட்டதுக்கு ஊர்ல இல்ல, பார்சல்தான் அனுப்ப முடியும், இன்னொருத்தரும் கேட்டுக்கிட்டு இருக்கார், பணம் போட்டா உடனே அனுப்பறேன்னார்.

பார்சல் வந்து கையில எடுத்ததும் முதல்ல தெரிஞ்சது வழவழப்பு. கிளாஸ் வழவழப்பு வேற, இது எண்ணெய் வழவழப்பு. டிஷ்யூவை குச்சியில சுத்தி உள்ள விட்டு துடைச்சா டிஷ்யூ பிசுபிசுன்னு வருது. பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணில கழுவி, நல்லா காய வெச்சு எடுத்துப் பாத்தா பாதி உயரம் வரைக்கும் உள்பக்கம் பால் ஊத்தி வெச்ச மாதிரி மங்கல். பூ வெச்சு தண்ணியை வாரக்கணக்குல அப்படியே விட்டுட்டா கிளாஸோட மேல்பரப்புல இருக்கற காரச்சத்தை தண்ணி உறிஞ்சிடும், அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பாகி வெளிச்சத்தை சிதறடிக்கும், அதுதான் மங்கலாத் தெரியுது. எண்ணெய் தடவினா அந்த சொரசொரப்பு நிரம்பிடும், போட்டோவுல பளிச்சுன்னு இருக்கும். வினிகர், உப்பு, அரிசி எதைப் போட்டு குலுக்கினாலும் இந்த மங்கல் போகாது, அது அழுக்கு இல்ல, கிளாஸே அரிச்சுப் போனது.

அடுத்தது வாய் விளிம்பு. வேஸைக் கவுத்து சமமான மேசை மேல வெச்சேன், ஒரு பக்கம் காகிதம் உள்ள போகுது. அந்த இடத்துல மட்டும் விளிம்பு லேசா சாய்ஞ்சு இருக்கு, நகத்தை வெச்சு இழுத்தா அங்க மட்டும் கூர்மையா மாட்டுது. அதாவது அங்க ஏற்கெனவே ஒரு சில்லு பேந்து போயிருக்கு, அதை யாரோ ராவி பாலிஷ் போட்டிருக்காங்க. ரீஹிமாக்கி வேஸ் நிறையவற்றுல கலர் கிளாஸுக்கு மேல தெளிவான கிளாஸ் ஒரு லேயர் இருக்கும். ராவின இடத்துல அந்த ரெண்டு லேயரோட கோடும் கோணலாத் தெரியுது, மத்த இடத்துல ஒரே சீரா வட்டமா ஓடுது. "உடைசல் எதுவும் இல்ல"ன்னு எழுதறதுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ.

ஆனா எனக்கு ரொம்ப கோபம் வந்தது கையெழுத்துனாலதான். எஸ்போல பல வருஷமா சேர்க்கற ஒரு அக்கா இருக்காங்க, அவங்ககிட்ட எடுத்துட்டுப் போனேன். அவங்க லென்ஸை வெச்சுப் பாத்துட்டு, "நீயே பாருப்பா, எது மேல எது ஓடுதுன்னு மட்டும் பாரு"ன்னாங்க. அம்பது அறுபது வருஷம் அலமாரியில, மேசையில இருந்த வேஸுக்கு அடியில குட்டிக் குட்டி தேய்மானக் கீறல் நாலாபக்கமும் தாறுமாறா இருக்கும். பேரை அந்தக் காலத்துலயே எழுதியிருந்தா அந்தக் கீறல்கள் எழுத்து மேல ஓடணும். இதுல எழுத்துதான் கீறல்களை வெட்டிக்கிட்டுப் போகுது, ஓரம் எல்லாம் வெள்ளையா, புதுசா, சின்னச் சின்னதா சிதறியிருக்கு. கையில பிடிக்கற சின்ன கிரைண்டர் வெச்சு இப்பக் கீறினது.

அக்கா அப்பறம் ரீஹிமாக்கியோட பழைய கேட்டலாக் பக்கங்களை எடுத்துக் காட்டினாங்க. அந்த வேஸ் நானி ஸ்டில் பண்ணதே இல்ல! தமாரா அலாடின் பண்ணது. வளையம் வளையமா அடுக்கின அந்த உடம்பு அவங்களோடது. 1959லேர்ந்து 1976 வரைக்கும் அந்தத் தொழிற்சாலையில இருந்து, சாதாரண வீட்டுக்கும் போய்ச் சேர்ற மாதிரி மோல்டுல ஊதற வேஸ்களை ஒண்ணு மாத்தி ஒண்ணு வரைஞ்சவங்க. நிறைய புழக்கத்துல இருக்கறதால விலை குறைவு, அவ்வளவுதான், அழகு குறைவு இல்ல. நானி ஸ்டில் பெரிய டிசைனர், பெல்ஜியம் போய் செட்டில் ஆன பிறகும் ரீஹிமாக்கிக்கு டிசைன் அனுப்பிக்கிட்டு இருந்தவங்க, அவங்க பேருக்கு காசு அதிகம். அந்தக் காசுக்காக ஒரு பெண்ணோட வேலை மேல இன்னொரு பெண்ணோட பேரைக் கீறி வெச்சிருக்கார். என் பணத்தைவிட எனக்கு இதுதான் தாங்கல. அது இனிமே அழியாது, அழிக்கணும்னா அடியை ராவணும்.

இதுல இன்னொரு விஷயம். காய் பிராங்க், நூட்டாயார்வி கண்ணாடித் தொழிற்சாலையோட கலைப் பொறுப்புல இருந்தவர், வீட்ல புழங்கற சாமானுக்கு டிசைனர் பேரைப் போட்டு விக்கறதே தப்புன்னு 1960கள்லயே வாதாடினார். பொருள் நல்லா இருக்கா, கைக்கு அடங்குதா, விலை கட்டுப்படியாகுதா, அதைப் பாருங்கன்னார். இன்னிக்கு அந்தப் பேரை வெச்சேதான் ஏமாத்தறாங்க.

கையெழுத்தைப் பத்தி தெரிஞ்சுக்க வேண்டியதைச் சொல்லிடறேன். இட்டாலாங்கற இன்னொரு கண்ணாடித் தொழிற்சாலையில டிசைனர்கள் தாப்பியோ விர்க்கலா, திமோ சார்பனேவா பண்ண ஆர்ட் கிளாஸ்ல கீறின கையெழுத்து நிஜமாவே உண்டு, நிறையவற்றுல மாடல் நம்பரோ வருஷமோ கூடவே இருக்கும். காய் பிராங்கோட ஆர்ட் பீஸ்லயும் தொழிற்சாலை பேரும் வருஷமும் பாக்கலாம். ரீஹிமாக்கியிலயும் ஆரம்ப காலத்துல கையெழுத்து போட்டது உண்டு. ஆனா 1960, 70கள்ல மோல்டுல ஊதி ஆயிரக்கணக்குல வந்த கலர் வேஸ், பாட்டில் பெரும்பாலும் வெறும் ஸ்டிக்கரோடதான் கடைக்குப் போச்சு, ஸ்டிக்கர் முதல் கழுவுலயே போயிருக்கும். அதனால அந்த மாதிரி வேஸ்ல கையெழுத்து இல்லன்னா சந்தேகப்படாதீங்க, இருந்தாதான் சந்தேகப்படணும். அங்க வாயால ஊதறதையே 1976ல நிறுத்திட்டாங்க, தொழிற்சாலை 1990ல மூடியாச்சு, யாரும் கேட்டு உறுதிப்படுத்திக்க முடியாதுங்கற தைரியம்தான் இவங்களுக்கு. யூவி (புற ஊதா) டார்ச் அடிச்சு பச்சையா மின்னுது பாருங்க, ஒரிஜினல்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க, மாங்கனீஸ் கலந்த எந்த ஊர் கிளாஸும் லேசா அப்படி மின்னும். ரீஹிமாக்கி ஊர்ல பழைய கண்ணாடித் தொழிற்சாலைக் கட்டடம் ஒண்ணுல பின்லாந்து கண்ணாடி மியூசியம் இருக்கு, ஹெல்சின்கிலேர்ந்து ட்ரெயின்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், பணம் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய் நல்ல பீஸை எல்லாம் கண்ணால பாத்துட்டு வாங்க.

அவர்கிட்ட போட்டோவோட எல்லாத்தையும் எழுதிக் கேட்டேன். முதல்ல "இது வீட்ல இருந்த பாட்டியோட பொருள், எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னார். அப்பறம் பாதிப் பணம் தரேன், பார்சல் செலவு உன்னோடதுன்னார். சரி முழுசா கொடுங்கன்னு சொன்னதும் விளம்பரத்தை எடுத்துட்டு பிளாக் பண்ணிட்டார். நான் முன்னாடியே எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தேன், நீங்களும் பணம் போடறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க. கடைக்காரர் ஆன்லைன்ல வித்தா 14 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கற உரிமை இருக்கு, தனிநபர் வித்தா அது கிடையாது, நுகர்வோர் ஆலோசனைக்கு போன் பண்ணாலும் தனிநபர் சண்டையை அவங்க எடுக்க மாட்டாங்க. இவர் வாரா வாரம் பெட்டி பெட்டியா வித்துக்கிட்டே தனிநபர்னு சொல்றது அதனாலதான். ஆனா தனிநபரா இருந்தாலும் சொன்ன விவரம் பொய்னா அது பொருளோட குறைதான், விலையைக் குறைக்கச் சொல்லவோ டீலை ரத்து பண்ணச் சொல்லவோ இங்க சட்டத்துல இடம் இருக்கு. போலீஸ்ல ஆன்லைன்ல மோசடிப் புகார் கொடுத்திருக்கேன்.

புகாரோட இன்னொரு போட்டோவும் சேர்த்திருக்கேன். அதே ஆள் இன்னொரு விளம்பரத்துல, ரீஹிமாக்கியோட இன்னொரு டிசைனரான ஹெலெனா ட்யூனெல் கையெழுத்துன்னு ஒரு அவுரின்கோபுல்லோ விக்கறார், சூரிய முகம் புடைப்பா இருக்கற அந்த மஞ்சள் பாட்டில். ஸ்டில், ட்யூனெல்ங்கற ரெண்டு பெயருமே இங்கிலீஷ்ல எழுதினா ரெண்டு எல் எழுத்துல முடியும். என் வேஸ்ல இருக்கற அந்த ரெண்டு எல்லும் பாட்டில்ல இருக்கறதும் ஒரே கைதான்: முதல் எல் நேரா, ரெண்டாவது வலப்பக்கம் சாய்ஞ்சு, கீழ ஒரு கொக்கி. நானி ஸ்டிலும் ஹெலெனா ட்யூனெலும் ஒரே கையால கையெழுத்து போட்டிருக்க முடியாது. இந்தக் கொக்கியோட ஏதாவது ஒரு பீஸ் உங்க வீட்ல இருந்தா அடிப்பக்கத்தை பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, அதையும் புகாரோட சேர்த்துடறேன்.