கொழும்பில் இருந்துகொண்டே கனடா பிஆர் அட்டையைப் புதுப்பிக்கலாம் என்பவர்களை நம்பாதீர்கள்

கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை (பிஆர்) பெற்ற பெற்றோர் பலர், பேரப்பிள்ளை பார்க்கவும் காணி அலுவலாகவும் கோயில் திருவிழாவுக்காகவும் இங்கு வந்து, நோய் நொடி காரணமாக நினைத்ததைவிட நீண்ட காலம் தங்கிவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் அவர்களுடைய பிஆர் அட்டை காலாவதியாகிவிட்டால், உடனே கைகொடுக்க வருபவர்களில் சிலர் எவ்வளவு ஆபத்தானவர்கள் என்பதை எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை வைத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் தவிர்க்கிறேன். முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதே வழியில் தொழில் செய்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பது மற்றக் காரணம்.

அம்மா கனடாவின் ஸ்காபரோவில் அண்ணாவுடன் இருப்பவர். எனது பிரசவத்துக்காக வெள்ளவத்தைக்கு வந்தவர், பிறகு முழங்கால் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்ததால் திரும்பிப் போக முடியவில்லை. அட்டை முடிந்த பின்னர்தான், உறவினர் ஒருவர் சொன்னதன்பேரில் காலி வீதியிலுள்ள அந்த அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் முதலில் செய்த வேலை அம்மாவைப் பயமுறுத்தியதுதான். "அட்டை முடிந்தால் பிஆரும் முடிந்த மாதிரித்தான் அம்மா, கெதியாகச் செய்யாவிட்டால் கணினியில் இரத்தாகிவிடும்" என்றார். ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்டினால் இங்கிருந்தபடியே புதிய அட்டை எடுத்துத் தருவதாகவும், அது அண்ணா வீட்டுக்கு வந்ததும் கூரியரில் கொழும்புக்கு எடுப்பித்துவிடலாம் என்றும் சொன்னார். பணத்தில் பெரும்பகுதியையும் அம்மாவின் கடவுச்சீட்டையும் அன்றே வாங்கி வைத்துக்கொண்டார். பற்றுச்சீட்டில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் எழுதித் தந்தார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. அட்டை காலாவதியாவதால் நிரந்தர வதிவிட உரிமை போய்விடுவதில்லை. அட்டை அந்த உரிமைக்குச் சான்று மட்டுமே. அதைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பவர் கனடாவுக்குள் இருந்தே விண்ணப்பிக்க வேண்டும். அட்டையைக் கனடாவுக்கு வெளியேயுள்ள முகவரிக்கு அனுப்பமாட்டார்கள். சிலரை நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்படியும் அழைப்பார்கள். கொழும்பில் இருப்பவருக்குத் தேவையானது வேறொன்று. அதன் பெயர் நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணம். அதைக் காட்டி விமானம் ஏறி, கனடா போய்ச் சேர்ந்த பிறகுதான் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். செல்லுபடியாகும் அட்டையோ இந்தப் பயண ஆவணமோ கையில் இல்லாவிட்டால் கட்டுநாயக்கவில் விமானத்தில் ஏற விடமாட்டார்கள்.

விடயம் வெளிப்பட்டது அண்ணாவால். முகவரியைச் சரிபார்க்கவும் அவருடைய மின்சாரப் பட்டியல் ஒன்றை வாங்கவும் வேண்டி, நிரப்பிய படிவத்தை அந்த அலுவலகத்தார் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அது அட்டை புதுப்பிப்பதற்கான ஐஎம்எம் 5444 படிவம். அண்ணா அதை ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டு இரவோடிரவாக எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மா அப்போது கனடாவில், அண்ணா வீட்டில் வசிப்பதாக அதில் எழுதப்பட்டிருந்தது. கடந்த ஐந்து ஆண்டுகளில் கனடாவை விட்டு வெளியே இருந்த காலங்களைத் திகதி வாரியாக எழுதவேண்டிய அட்டவணையில், இப்போதைய கொழும்புப் பயணம் அறவே இல்லை. மாமாவின் மகளுடைய கல்யாணத்துக்குச் சென்னை போய்வந்ததும் இல்லை. கடவுச்சீட்டிலோ இரண்டுக்கும் முத்திரைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் சுழித்து எழுதிய ஒரு கையெழுத்து இருந்தது. அம்மா வாழ்நாளில் ஒருநாளும் ஆங்கிலத்தில் கையெழுத்து வைத்தவரல்லர். வங்கிப் புத்தகத்திலிருந்து கடவுச்சீட்டு வரை எல்லாவற்றிலும் தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக எழுதித்தான் வைப்பார். தன் பெயரில் யாரோ ஒப்பமிட்டிருப்பதைக் கண்டபோது அந்த மனுசி பட்ட வேதனையை எனக்கு இலேசில் மறக்க முடியவில்லை.

அந்தப் படிவம் கனடாக் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போயிருந்தால் நடந்திருக்கக்கூடியதை நினைக்க இன்றைக்கும் பதறுகிறது. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, முக்கியமான விடயத்தில் பொய் சொல்வதும் மறைப்பதும் தவறான தகவல் அளித்தலாகும். அது நிரூபிக்கப்பட்டால் வதிவிட உரிமையையே இழக்க நேரிடலாம். ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழையவும் முடியாது. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் விண்ணப்பதாரர். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவரின் பெயரோ அதில் எந்த மூலையிலும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு ஒருவருக்காகக் கனடா குடிவரவு விண்ணப்பம் செய்பவர், ஐஎம்எம் 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் தன் பெயரையும் உரிம விபரத்தையும் வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காமல் பின்னால் ஒளிந்துநிற்பவருக்கு ஒரு ஆபத்துமில்லை; எழுபது வயது தாண்டிய அம்மாவுக்குத்தான் முழு ஆபத்தும்.

கடவுச்சீட்டைத் திருப்பி வாங்குவது அடுத்த போராட்டமாயிற்று. முதலில் அது வேறு கிளையில் இருக்கிறது என்றார்கள், பிறகு மீதிப் பணத்தைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். பொலிஸில் முறைப்பாடு செய்யப்போகிறோம் என்று எழுத்தில் அறிவித்த பிறகே அது மேசைக்கு வந்தது. கட்டிய பணம் வரவில்லை. வாட்ஸ்அப் உரையாடல்களையும் அந்தப் போலிக் கையெழுத்துள்ள படிவத்தையும் பற்றுச்சீட்டையும் பிரதியெடுத்து முறைப்பாட்டுடன் கொடுத்திருக்கிறோம்.

சரியான வழி எவ்வளவு எளிமையானது என்பதைப் பிறகு நாங்களே செய்து பார்த்தபோதுதான், அந்த ஒன்றரை இலட்சம் எவ்வளவு பெரிய கொள்ளை என்று புரிந்தது. பயண ஆவணத்துக்கான படிவம் ஐஎம்எம் 5524. அதைக் கனடாக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். அங்கேயே கணக்குத் திறந்து விண்ணப்பிக்கலாம். அரச கட்டணம் 50 கனேடிய டொலர். அண்ணா தன் கடனட்டையில் கட்டினார். கடவுச்சீட்டின் பிரதிகளோடு, அம்மா கனடாவில் வாழ்ந்ததைக் காட்ட அவருடைய வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல்களையும் வங்கிக் கூற்றுகளையும் இணைத்தோம். சென்னைப் பயணம் உட்பட வெளியே இருந்த ஒவ்வொரு நாளையும் எழுதினோம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் கடவுச்சீட்டைக் கொழும்பிலுள்ள விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப நிலையத்தில் ஒப்படைத்தோம். ஆவணம் வந்தது, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், அட்டைக்கான விண்ணப்பத்தை இப்போது அங்கிருந்து செய்திருக்கிறார்.

இதில் கணக்கிடவேண்டிய ஒரே விடயம் 730 நாட்கள். விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் வரும் ஐந்து ஆண்டுகளில், மொத்தமாக 730 நாட்களாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டியதில்லை. கனேடியக் குடியுரிமையுள்ள கணவருடனோ மனைவியுடனோ வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த நாட்களும் இதில் சேரும். ஆனால் குடியுரிமை பெற்ற மகனுடனோ மகளுடனோ வெளியே இருந்த நாட்கள் பெற்றோருக்குச் சேராது. நாட்கள் குறைந்தாலும் எல்லாம் முடிந்துபோகவில்லை. கடும் நோய், பராமரிக்க வேறு ஆளில்லாமை போன்ற மனிதாபிமானக் காரணங்களைச் சான்றுகளோடு முன்வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பயண ஆவணத்தை மறுத்தாலும் 60 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் மேன்முறையீடு செய்யலாம். எங்களை ஏமாற்றியவர்போன்ற ஆட்கள் இவற்றில் ஒன்றையும் வாய்திறந்து சொல்வதில்லை.

வேறோர் இடத்தில் எங்களுக்குக் கிடைத்த ஆலோசனை இன்னும் மோசமானது. பிஆரை "சரண்டர்" பண்ணிவிட்டு விசிட் விசாவில் போகலாம், அது கெதியாகக் கிடைக்கும் என்றார்கள். தயவுசெய்து இதற்குச் சம்மதிக்க வேண்டாம். ஐஎம்எம் 5782 படிவத்தில் ஒப்பமிட்டு உரிமையைக் கைவிட்டால், விசா கிடைத்தாலும் அம்மா அப்பா அங்கே வெறும் விருந்தாளிகள்தான். ஒன்ராரியோவில் அரச மருத்துவக் காப்புறுதியும் இராது. மீண்டும் பிஆர் வேண்டுமென்றால் பிள்ளை முதலிலிருந்து ஸ்பொன்சர் செய்ய வேண்டும். பெற்றோருக்கான அந்தத் திட்டத்திலோ நினைத்த நேரத்தில் விண்ணப்பிக்க முடியாது. நாட்கள் உண்மையிலேயே போதாமல், எல்லாவற்றையும் யோசித்து ஒருவர் அந்த முடிவுக்கு வருவது வேறு. 730 நாட்களும் நிரம்பியிருக்கும் ஒருவரை அவசரப்படுத்தி அதில் ஒப்பமிட வைப்பது பெரும் அநியாயம்.

உதவி தேவைப்படுபவர்கள் கட்டாயம் பெறுங்கள். ஆங்கிலம் தெரியாத முதியவர்களுக்கு அது வேண்டும்தான். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் உரிம இலக்கத்தைக் கேளுங்கள். கனடாவில் குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தும், 'கல்லூரி' என்ற பெயருள்ள அமைப்பு ஒன்று 2021 முதல் இயங்குகிறது. உரிமம் உள்ளவர்களின் பெயர்ப் பதிவேட்டை அதன் இணையத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். சட்டத்தரணி என்றால் அவர் எந்தக் கனேடிய மாகாணச் சட்டச் சங்கத்தில் பதிவுபெற்றவர் என்று கேளுங்கள். இலங்கையில் சட்டத்தரணியாக இருப்பது மட்டும் இதற்குப் போதாது. கேட்டதும் கோபப்படுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் நிரப்பிய படிவம் முழுவதையும் வாங்கி, கனடாவிலுள்ள பிள்ளையிடமோ ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பேரனிடமோ காட்டி, திகதிகளைக் கடவுச்சீட்டு முத்திரைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடச் செய்யுங்கள். ஏற்கெனவே எவரிடமாவது கடவுச்சீட்டைக் கொடுத்திருந்தால், மீதிப் பணம் எதையும் கட்டுவதற்கு முன் அதைத் திருப்பிக் கேட்டு இன்றே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அதன் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.