சவுனா சூட்: சாம்பியனின் தொப்பையை இது கரைக்குமா?

பட்டம் வென்ற கையோடு ஜிம் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிட்டு, அடுத்த சண்டை நெருங்கும்போது ஏறிய எடையைப் பார்த்துப் பதறும் குத்துச்சண்டை வீரர்கள் முதலில் தேடுவது சவுனா சூட்டைத்தான். காற்றுப் புகாத மேல்சட்டை, காற்சட்டை. கழுத்து, மணிக்கட்டு, கணுக்காலில் இறுக்கமான எலாஸ்டிக். வியர்வை ஆவியாக வழியில்லை என்பதால் உடல் சூடு தணியாது, மேலும் மேலும் வியர்க்கும்.

சொன்ன வேலையைச் செய்கிறதா? செய்கிறது. இருபது நிமிடம் ஸ்கிப்பிங் ஆடிவிட்டு எலாஸ்டிக்கைத் தளர்த்தினால் மணிக்கட்டு வழியாக வியர்வை கொட்டும். ஆனால் தராசில் குறைந்தது தண்ணீர் மட்டுமே. குடித்தால் திரும்பி வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஓட்டமும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும்தான் வழி.

பனாமா நாட்டுக் குத்துச்சண்டை வீரர் ரொபெர்டோ துரானை எடுத்துக்கொள்ளுங்கள். 1980 ஜூன் 20 அன்று மான்ட்ரியாலில் அமெரிக்க வீரர் சுகர் ரே லெனார்டை வென்றார். பிறகு கொண்டாட்டம், விருந்து, எக்கச்சக்கமாக ஏறிய எடை. ஐந்து மாதத்தில் மறுசண்டை. அவசர அவசரமாக இளைத்து, அந்த எடைப் பிரிவில் மோத வேண்டிய 147 பவுண்டு எல்லைக்குள் வந்துவிட்டார். ஆனால் நவம்பர் 25 அன்று நியூ ஆர்லியன்ஸில் எட்டாவது ரவுண்டில் தானே சண்டையை விட்டுவிட்டார். எடை இறங்கியது, ஜூனில் இருந்த துரான் வரவில்லை. இந்த உடையின் பெரிய குறையும் இதுதான்: பயிற்சியில் விழுந்த ஓட்டையைத் தராசிலிருந்து மறைத்துவிடும்.

ஏற்கெனவே நல்ல கட்டில் இருப்பவர் கடைசி ஒரு கிலோவைக் குறைக்க இதைப் பயன்படுத்தலாம். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். உடம்பைத் துடைத்துவிட்டு, உடையில்லாமல், முன்னும் பின்னும் எடை பாருங்கள். உடல் எடையில் 2 சதவீதம், அதாவது 60 கிலோ வீரருக்கு 1.2 கிலோ குறைந்தால் நிறுத்திவிடுங்கள். தலைவலி, நடுக்கம், குழப்பம், வியர்வை நின்றுபோவது, இதில் எது வந்தாலும் அந்தக் கணமே கழற்றி உடம்பைக் குளிர்விக்க வேண்டும். குழப்பமோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனை. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒன்றரை லிட்டர், உப்புச் சத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவும். வெயிலிலோ நீராவி அறையிலோ இதைப் போடவே கூடாது. 1997 கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். அதன்பின் கல்லூரி மல்யுத்தத்தில் இத்தகைய உடைகளுக்கே தடை வந்தது.

வாங்குவதென்றால் மெல்லிய பிவிசி பிளாஸ்டிக்கில் செய்தது வேண்டாம். அக்குளிலும் கால் இடுக்கிலும் தையல் சீக்கிரம் கிழியும். பூச்சிட்ட நைலான் நன்றாக உழைக்கும். தலைவழியாக மாட்டும் மாடலை விட முன்பக்கம் ஜிப் வைத்ததே மேல். தலை சுற்றும்போது ஈர உடையைத் தலைக்கு மேல் உருவுவது பெரும்பாடு. ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தை வெளியே திருப்பி அலசி நிழலில் காயவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டே நாளில் நாறிவிடும்.