வெல்வெட் உறையில் பீச் ஹவுஸ்

2004இல் அமெரிக்காவின் பால்டிமோரில் விக்டோரியா லெக்ராண்டும் அலெக்ஸ் ஸ்காலியும் தொடங்கிய பீச் ஹவுஸ் இசைக்குழு, 2006 முதல் 2022 வரை எட்டு ஆல்பங்களைத் தந்திருக்கிறது. அவற்றுள் 2015இல் வந்த ‘டிப்ரஷன் செர்ரி’ இசைத்தட்டை மதுரைக்குத் தபாலில் வரவழைத்தேன். சிவப்பு வெல்வெட் போர்த்திய உறை கைக்கு இதமானதுதான் என்றாலும், மாசி வீதிப் புழுதி முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்வதால், வாரம் இருமுறை துணிப் பிரஷ்ஷால் நீவிவிட வேண்டியிருக்கிறது. முந்தைய இரு ஆல்பங்களில் ஓங்கியிருந்த டிரம்ஸை அடக்கி, ஆர்கனும் கிட்டாரும் ஒன்றிலொன்று கரைய, லெக்ராண்டின் கனத்த குரலை நடுவில் மிதக்கவிட்டிருப்பதுதான் இதன் அழகு. இரண்டாம் பக்கம் சற்றே இழுவை. பகலில் ஹாரன் சத்தத்தில் எடுபடவில்லை. கடைகள் அடைத்தபின் கேட்டால் கொடுத்த காசு தகும்.